தத்தெடுப்புக்குக் காத்திருக்கும் நாயிடம் பாசம் காட்டினால், பிரியும்போது அதற்குத் துன்பமாகிவிடுமா?

கேள்வி

வணக்கம். மீட்பு அமைப்பு ஒன்றின் சார்பில், தத்தெடுப்புக்காகக் காத்திருக்கும் ஒரு பெண் நாயை எங்கள் வீட்டில் தற்காலிகமாக வளர்த்து வருகிறோம். பற்களைப் பார்த்த மருத்துவர், அதற்கு மூன்று வயதளவில் இருக்கலாம் என்றார். ஆளில்லாத ஒரு வீட்டின் பின்புறத்தில் கட்டிப்போடப்பட்ட நிலையில் மீட்கப்பட்டது என்பதைத் தவிர, அதன் கடந்த காலத்தைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியாது. வந்த புதிதில் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே மறுத்தது. நாங்கள் எல்லோரும் உறங்கிய பிறகுதான் தண்ணீர்கூடக் குடித்தது. இப்போது நிலைமை தலைகீழாகிவிட்டது. நான் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வருகிறது, குளியலறைக் கதவுக்கு வெளியே படுத்துக் காத்திருக்கிறது, நான் அருகில் இல்லாவிட்டால் வைத்த உணவைத் தொடுவதும் இல்லை.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே வயதான ஆண் நாய் ஒன்று இருக்கிறது. பத்து வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். இரண்டு நாய்களும் பொதுவாக ஒத்துப்போகின்றன என்றாலும், பெரிய நாய் இதன் உணவுத் தட்டை மோப்பம் பிடிக்க நெருங்கியபோது இது உடலை விறைத்துக்கொண்டு உறுமியது. மனிதர்களிடம் இதுவரை உறுமியதில்லை. ஆனால் அறிமுகமில்லாத ஆண்கள் வாசலுக்கு வந்தால் பின்வாங்கிக் குரைக்கிறது.

ஒரு குடும்பத்தினர் இதைத் தத்தெடுக்க விருப்பம் தெரிவித்திருப்பதாகவும், அவர்களிடம் காட்டுவதற்கு நாயின் இயல்பைப் பற்றி ஒரு குறிப்பு எழுதித் தரும்படியும் அமைப்பின் தன்னார்வலர் கேட்டிருக்கிறார். இந்த நிலையில் எனக்கு இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. முதலாவது, ஒருமுறை கைவிடப்பட்ட உயிர் இப்போது என்னை முழுமையாக நம்பத் தொடங்கியிருக்கும்போது, நானே அதை இன்னொருவர் கையில் கொடுப்பது இரண்டாவது முறை கைவிடுவதைப் போல் ஆகிவிடாதா? இப்போதே சற்று விலகி இருந்தால் பிரிவு எளிதாகும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், அது சரிதானா? இரண்டாவது, உறுமியதை அந்தக் குறிப்பில் எழுத வேண்டுமா? எழுதினால் யாரும் முன்வராமல் போய்விடுவார்களோ என்று அஞ்சுகிறேன். எழுதாமல் விட்டால் அது நேர்மையாகவும் படவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி: பல ஆண்டுகளாகத் தற்காலிக வளர்ப்பில் ஈடுபட்டிருப்பவர்

சகோதரி, தயவுசெய்து விலகி இருக்க வேண்டாம். உங்கள் உறவினர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்; ஆனால் நேற்றுவரை தலையை வருடிய கை இன்று காரணமின்றி நின்றுபோனால், அதற்கான விளக்கத்தை நாயிடம் நம்மால் சொல்ல இயலாது. அது இன்னும் பதற்றமடைந்து, இன்னும் நெருக்கமாக ஒட்டிக்கொள்ளத்தான் முயலும்.

நாய்கள் ஒருவரிடம் மட்டுமே ஒருமுறை பற்று வைத்து, அது அறுந்தால் மீள முடியாமல் போய்விடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2001-ஆம் ஆண்டில் ஹங்கேரிய ஆய்வாளர்களான மார்தா காச்சி, யோசெஃப் தோபால் முதலானோர், காப்பகங்களில் வாழும் வளர்ந்த நாய்களைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான பற்றை அளக்க உளவியலாளர்கள் பயன்படுத்தும் சோதனையையே நாய்களுக்கு ஏற்ப மாற்றி அவர்கள் நடத்தினார்கள். ஒரு புதிய மனிதர் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிட அளவுக்கு, நாயுடன் பழகியதே அவரிடம் பற்றின் அறிகுறிகள் தோன்றப் போதுமானதாக இருந்தது. துணைக்கு ஏங்கிக் கிடக்கும் வளர்ந்த நாய் எவ்வளவு விரைவாகப் புதிய உறவை ஏற்கக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் பற்று வைக்க முடிந்த நாயால் அந்தக் குடும்பத்தினரிடமும் வைக்க முடியும். மனிதர்களை நம்பலாம் என்று அது கற்றுக்கொண்ட இடமாக உங்கள் வீடு இருக்கிறது, அவ்வளவுதான்.

பிரிவின் பாரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019-இல் லிசா கன்டர் முதலான ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களைச் சேர்ந்த நாய்களை ஓரிரு இரவுகள் வீடுகளுக்கு அனுப்பி, அவற்றின் மனஅழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலின் அளவை ஆராய்ந்தார்கள். வீட்டில் இருந்தபோது அந்த அளவு குறைந்தது. காப்பகத்திற்குத் திரும்பியதும் முன்பிருந்த நிலைக்கு மீண்டதே தவிர, அதைவிடக் கூடிவிடவில்லை. வீட்டைச் சுவைத்துவிட்டுத் திரும்பும் நாய் முன்னைவிட அதிகமாக வாடும் என்று அதுவரை பலர் அஞ்சியதற்கு அந்த ஆய்வு ஆதரவு தரவில்லை. உங்கள் நாயோ காப்பகத்திற்குத் திரும்பப் போவதில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறது.

அதற்காக இப்போதுள்ள நிலையை அப்படியே விட்டுவிடலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். குளியலறை வாசலில் காத்திருப்பதை அன்பு என்று மட்டும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அதில் பாதி அச்சம். இந்த வீட்டில் தனக்கிருக்கும் ஒரே பிடிமானம் நீங்கள்தான் என்று அது கருதுகிறது. ஆகவே பாசத்தைக் குறைக்காமல், அதைப் பலருக்குப் பகிர்ந்துகொடுங்கள். ஒரு வேளை உணவை வீட்டிலுள்ள வேறொரு பெரியவர் வைக்கட்டும். நீங்கள் அதே அறையின் மூலையில் அமர்ந்திருந்து தொடங்கி, சில நாள்களில் அடுத்த அறைக்கு நகருங்கள். நடைப்பயிற்சிக்கு வேறொருவர் அழைத்துச் செல்லட்டும். யார் வைத்தாலும் உண்ணும், யார் அழைத்தாலும் நடக்கும் என்ற நிலை வந்தாலே, புதிய வீட்டுக்குப் பாதி வழி நடந்துவிட்டது என்று கொள்ளலாம்.

தனியாக இருக்கப் பழக்குவதை நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுகிறேன். தத்தெடுக்கப்பட்டுத் திரும்பி வரும் நாய்களில் நான் அடிக்கடி கண்ட காரணங்களில் ஒன்று, தனியாக விட்டால் கதவைப் பிறாண்டுவதும் இடைவிடாமல் ஊளையிடுவதும்தான். அதற்கான பயிற்சியைச் சில நொடிகளிலிருந்து தொடங்க வேண்டும். கதவை மூடி, அது முனகத் தொடங்குவதற்கு முன்பே திறந்து, எதுவும் நடவாதது போல் உங்கள் வேலையைத் தொடருங்கள். நேரத்தை ஏறுமுகமாக மட்டும் கூட்டிக்கொண்டே போகாமல், நீண்ட பிரிவுக்கு இடையில் குறுகிய பிரிவுகளையும் கலந்து வையுங்கள். நீங்கள் வெளியில் இருக்கும்போது கைப்பேசியின் கேமராவை ஓடவிட்டுப் பார்த்தால், அது படுத்து உறங்குகிறதா அல்லது வாய் ஒழுக நடந்துகொண்டே இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வாய் ஒழுகுவது, பிடித்த தின்பண்டத்தைக்கூடத் தொடாதது, வாசலிலேயே நிற்பது ஆகியவை நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்பதற்கான அடையாளங்கள். அப்போது முந்தைய கட்டத்திற்குத் திரும்பிவிடுங்கள்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கை எல்லோரும் சொல்வார்கள். முதல் மூன்று நாள்களில் திகைப்பு, மூன்று வாரங்களில் வீட்டின் ஒழுங்கு பிடிபடுதல், மூன்று மாதங்களில் தன் வீடு என்ற உணர்வு என்பது அதன் சாரம். அது வாழ்ந்து பார்த்தவர்களின் தோராயக் கணக்கே. சங்கிலியில் வாழ்ந்த நாய்க்கு இன்னும் கூடுதல் காலம் தேவைப்படலாம் என்பதைத் தத்தெடுப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.


மறுமொழி: தத்தெடுப்பு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் தன்னார்வலர்

உங்களுடைய இரண்டாவது ஐயத்திற்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் இத்தகைய குறிப்புகளைப் படித்து, எந்த நாய்க்கு எந்த வீடு பொருந்தும் என்று பார்ப்பதே என் பணி. உறுமியதைக் கட்டாயம் எழுதுங்கள். அதை மறைத்து ஒரு வீடு கிடைத்து, அங்கே தவழும் குழந்தை உணவுத் தட்டை நோக்கிப் போய், அதன் பிறகு அந்த நாய் திரும்பி வந்தால், அடுத்த விண்ணப்பதாரர் படிக்கப்போகும் குறிப்பில் உறுமலுக்குப் பதிலாகக் கடி என்ற சொல் இருக்கும். பொருத்தமான வீட்டுக்காகச் சில வாரங்கள் கூடுதலாகக் காத்திருப்பது அந்த நாய்க்குப் பெரிய இழப்பன்று.

எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'கோபக்கார நாய்', 'ஆதிக்க குணம்' போன்ற முத்திரைகளைத் தவிர்த்துவிட்டு, என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். தட்டில் உணவு இருந்ததா, முடிந்துவிட்டிருந்ததா. இன்னொரு நாய் எவ்வளவு தூரத்தில் வந்தபோது உடல் விறைத்தது. உறுமலோடு நின்றதா, பாய்ந்ததா. பெரிய நாய் விலகியதும் எவ்வளவு விரைவில் அமைதியானது. தனித்தனி அறைகளில் உணவு வைத்தபோது என்ன ஆனது. இவற்றைப் படிக்கும் குடும்பத்தினர் தங்கள் வீட்டில் இதைக் கையாள முடியுமா என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். நாய் வளர்த்துப் பழகிய ஒருவருக்கு, மற்றொரு நாயிடம் தட்டைக் காக்க உறுமுவது அச்சம் தரும் செய்தியாகவே இருக்காது. சொல்லப்போனால், எந்தக் குறையுமே எழுதப்படாத குறிப்பைத்தான் நான் சந்தேகத்தோடு படிக்கிறேன்.

சோதித்துப் பார்க்காத விஷயங்களையும் அவ்வாறே குறிப்பிடுங்கள். பூனையோடு பழகியதில்லை, கைக்குழந்தையைக் கண்டதில்லை, காரில் நெடுந்தூரம் சென்றதில்லை என்று எழுதுவது, 'எல்லோரிடமும் நன்றாகப் பழகும்' என்று எழுதுவதைவிட எங்களுக்குப் பலமடங்கு பயனுடையது.

இப்போது வீட்டுக்குள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உறுமியதற்காக ஒருபோதும் அதட்டாதீர்கள், தட்டைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள். உறுமல் என்பது நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அதைத் தண்டித்து அடக்கினால், அடியில் இருக்கும் அச்சம் அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் மறைந்து, ஒருநாள் முன்னறிவிப்பின்றிக் கடி விழும். உறுமலுக்கு முன்பே அது வேறு வழிகளில் பேசியிருக்கும்: உதட்டை நக்குவது, உறக்கமில்லாமலேயே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, தட்டின் மேல் அசையாமல் உறைந்து நிற்பது. இவற்றை அடையாளம் காண உங்கள் மகளுக்கும் கற்றுக்கொடுங்கள். பத்து வயதுக் குழந்தைகள் இதை வியக்கத்தக்க விதத்தில் கற்றுக்கொள்கிறார்கள். இரண்டு நாய்களுக்கும் கதவடைத்த தனித்தனி அறைகளில் உணவு வையுங்கள், உண்டு முடிந்ததும் தட்டுகளை எடுத்துவிடுங்கள், உண்ணும் நேரத்திலும் உறங்கும் நேரத்திலும் மகள் இதை நெருங்கக் கூடாது என்பதை மாற்றமில்லாத விதியாக வையுங்கள். மனிதர்களிடம் இதுவரை உறுமாதது நல்ல அறிகுறிதான் என்றாலும், அதைச் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டிய தேவை எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். பெரும்பாலான அமைப்புகளில், தத்தெடுப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை நாயின் பொறுப்பு அமைப்பையே சேரும். ஆகையால் உங்களுக்குத் தெரிந்த நல்ல மனிதர் ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டாலும் நேரடியாக ஒப்படைக்காமல், அமைப்பின் வழியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சிறு கீறல் அளவுக்குப் பல் பட்டாலும் அன்றே தெரிவித்துவிடுங்கள்.


மறுமொழி: கால்நடை மருத்துவர்

மேலே இருவரும் இயல்பைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார்கள். உடல்நலம் சார்ந்த சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் இக்கேள்வியைப் படித்துவிட்டுப் புதிதாக நாயைக் கொண்டுவர நினைப்பவர்களும் இருப்பார்கள்.

மீட்கப்பட்ட நாய் பார்வைக்கு நலமாக இருந்தாலும், வீட்டு நாயிடமிருந்து முதல் இரண்டு வாரங்கள் தனியாக வைப்பதே நல்லது. குடலைத் தாக்கும் வைரஸ் நோயான பார்வோவின் அறிகுறிகள் தொற்றிய மூன்று முதல் ஏழு நாள்களுக்குள் பெரும்பாலும் வெளிப்பட்டாலும், சில நாய்களில் இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். மற்றொரு வைரஸ் நோயான டிஸ்டெம்பருக்கு இதைவிடக் கூடுதலான காலம்கூட எடுக்கும். பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது, சாதாரணத் தரை துடைக்கும் திரவங்களில் பலவற்றுக்கு அது அழிவதில்லை, நீர்த்த பிளீச்சிங் கரைசலுக்கு அழியும். வீட்டு நாய்க்குத் தடுப்பூசிகள் உரிய காலத்தில் போடப்பட்டிருக்கின்றனவா என்பதைப் புதிய நாய் வருவதற்கு முன்பே சரிபார்த்துவிட வேண்டும்.

கேள்வி கேட்டவரின் வீட்டில் அந்தக் காலம் கடந்துவிட்டது போல் தெரிகிறது. ஆனாலும் ஒப்படைப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது. வெளியில் கட்டிக் கிடந்த நாய்க்கு உண்ணிகள் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். உண்ணிகளை நீக்கிய பிறகும், அவை கடத்திய எர்லிகியா போன்ற கிருமிகள் வெளியில் தெரியாமல் மாதக்கணக்கில் உடலில் தங்கக்கூடும். ஆகவே ஓர் இரத்தப் பரிசோதனை வீண் செலவாகாது. கொசுக்கள் பரப்பும் இதயப்புழுத் தொற்று உள்ள பகுதிகளில், அந்தத் தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பிறகே பரிசோதனையில் தெரியும் என்பதால், இப்போது இல்லை என்று முடிவு வந்தாலும் மறுபரிசோதனைக்கான தேதியைத் தத்தெடுப்பவர்களுக்குக் குறித்துக் கொடுக்க வேண்டும். குடற்புழு மருந்தும் ஒருமுறை கொடுத்ததோடு முடிவதில்லை. அடுத்த தவணை எப்போது என்பதும் குறிப்பில் இடம்பெற வேண்டும்.

மனிதர்களுக்கான வலிநிவாரணிகளை, பாராசிட்டமால் ஆனாலும் ஐபுபுரூஃபன் ஆனாலும், மருத்துவரைக் கேட்காமல் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்த்த இனிப்புகள் ஆகியவை நாய்களுக்கு நஞ்சு. விருந்தினர் வரும் வீடுகளில் இதை எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. எலும்பும் தோலுமாக மீட்கப்பட்ட நாய்க்கு ஒரே நாளில் வயிறு நிறைய உணவு வைப்பதும் ஆபத்தானது. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய உண்ணும்போது இரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், சிறு அளவுகளாகப் பிரித்து, மருத்துவரின் கண்காணிப்பில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அது மனிதரின் வெப்பத்தைவிடக் கூடுதல் என்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய வேண்டாம்.

கருத்தடை அறுவை சிகிச்சை இன்னும் நடக்கவில்லை என்றால், அதன் பிறகு பத்து முதல் பதினான்கு நாள்கள் ஓட்டமும் தாவலும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த ஓய்வுக்காலம் முடியும் வரை உங்களிடமே இருக்கும்படி ஏற்பாடு செய்தால், வலியும் புதிய வீடும் ஒரே நேரத்தில் அதன்மேல் விழாமல் தடுக்கலாம்.


மறுமொழி: மற்றொரு வாசகர்

முதல் மறுமொழியோடு எனக்குப் பெருமளவு உடன்பாடுதான், ஆனால் ஓரிடத்தில் வேறுபடுகிறேன். பாசத்தைக் குறைக்க வேண்டாம் என்பதைச் சிலர் கட்டிலில் படுக்கவிடுவது, தட்டிலிருந்து ஊட்டுவது, மடியிலேயே வைத்திருப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். புதிய வீட்டில் கட்டில் கிடையாது என்றால், முன்பின் தெரியாத இடத்தில், முதல் இரவே அந்த நாய்க்கு ஒரு மறுப்போடு தொடங்கும். தனக்கென்று ஒரு படுக்கை, அல்லது கதவு திறந்தே இருக்கும் ஒரு கிரேட் (நாய்க்கூண்டு), அதில் பழகிய ஒரு விரிப்பு என்று வைத்துப் பழக்கினால், அந்தப் படுக்கையையே அதனோடு அனுப்பிவிடலாம். அதுவரை கொஞ்சுவதற்கு நாள் முழுதும் இருக்கிறது. கட்டளைகளையும் குடும்பத்துக்குள் மட்டும் விளங்கும் செல்லச் சொற்களில் சொல்லாமல், எவரும் சொல்லக்கூடிய எளிய சொற்களில் வைத்து, அந்தச் சொற்களையும் குறிப்பில் எழுதிக் கொடுங்கள்.


கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் ஐயா குறிப்பிட்ட இரத்தப் பரிசோதனையைப் பற்றி அமைப்பிடம் பேசிவிட்டேன். கருத்தடை ஏற்கெனவே முடிந்து, தையலும் ஆறிவிட்டது. கட்டிலைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் இரண்டு நாய்களுக்குமே இடமில்லை என்பதால் அதில் சிக்கல் இல்லை.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கேட்க விரும்புகிறேன். விருப்பம் தெரிவித்த குடும்பத்தில் கணவர், மனைவி, பதின்ம வயது மகன் என மூவர் இருக்கிறார்கள். ஆண்களைக் கண்டு பின்வாங்கும் நாயை அந்த வீட்டு ஆண்களுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது? அடுத்தது, என் மகள் இதை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று தினமும் கேட்கிறாள். எனக்கும் அந்த எண்ணம் இல்லாமல் இல்லை. எதை வைத்து முடிவு செய்வது?


மறுமொழி: முதலில் எழுதியவர்

முதல் சந்திப்பை உங்கள் வாசலில் வைக்காதீர்கள். தன் இடத்துக்குள் ஓர் ஆண் நுழைவதுதான் அதற்கு அச்சம் என்பதால், நெரிசலில்லாத ஒரு திறந்தவெளியில் சேர்ந்து நடப்பதாக ஏற்பாடு செய்யுங்கள். எல்லோரும் ஒரே திசையில், தொடக்கத்தில் நல்ல இடைவெளி விட்டு நடந்து, நாய் தளர்ந்த உடலோடு தரையை மோப்பம் பிடிக்கத் தொடங்கிய பிறகு இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். அந்தக் குடும்பத்துத் தந்தையும் மகனும் நாயை நேராகப் பார்க்காமல், மேலே குனியாமல், கையை நீட்டாமல் இருக்க வேண்டும். கையில் தின்பண்டத்தைக் காட்டி அருகில் வரவழைப்பது பலரும் செய்யும் வழக்கம், ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஆசை இழுக்க, அச்சம் தடுக்க, தின்பண்டம் தீர்ந்த நொடியில் தான் ஓர் அந்நியரின் கைக்கு மிக அருகில் நிற்பதை நாய் உணர்ந்து திடுக்கிடுகிறது. அதைவிட, தின்பண்டத்தை நாய்க்குப் பின்புறமாக எறியச் சொல்லுங்கள். எடுக்கப் போகும்போது தூரம் கிடைக்கிறது, மறுபடியும் நெருங்குவது அதன் சொந்த விருப்பமாகிறது. ஒரே சந்திப்பில் முடிவெடுக்காமல், இரண்டாவது சந்திப்பில் அந்தத் தந்தையே சிறிது நேரம் கயிற்றைப் பிடித்து நடக்கும் வரை பொறுத்திருங்கள்.

வைத்துக்கொள்வதைப் பற்றி: இந்த எண்ணம் வருவது இயல்பு, அதற்காகத் தயங்க வேண்டாம். நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் சில உண்டு. உங்கள் பெரிய நாய் இது வந்த பிறகு நிம்மதியாக உறங்குகிறதா, அல்லது தன் மூலையை விட்டுக்கொடுத்து ஒதுங்குகிறதா? இரண்டு நாய்களின் மருத்துவச் செலவையும், நீங்கள் ஊரில் இல்லாத நாள்களின் பொறுப்பையும் இன்னும் பத்து ஆண்டுகளுக்கு ஏற்க முடியுமா? இதை வைத்துக்கொண்டால் அடுத்து மீட்கப்படும் நாய்க்கு உங்கள் வீட்டில் இடமிருக்குமா? இவற்றுக்கு மனம் தயங்காமல் பதில் வந்தால், அந்தக் குடும்பத்தினரைச் சந்திக்க வரச் சொல்வதற்கு முன்பே அமைப்பிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் வந்து ஆசைப்பட்ட பிறகு சொல்வது அவர்களுக்கு நியாயமாகாது. மகளிடம் இதை மறைக்காமல் பேசுங்கள். நாயின் குறிப்பேட்டில் அதற்குப் பிடித்த விளையாட்டுகளை எழுதும் வேலையை அவளிடம் கொடுத்தால், இந்த ஒப்படைப்பில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று அவள் உணர்வாள்.

கொடுப்பது என்று முடிவானால், ஒப்படைக்கும் நாளில் மிகவும் கவனிக்க வேண்டியது தப்பி ஓடுதல். புதிய இடத்தில் முதல் நாள்களில் திறந்த கதவு வழியே ஓடும் நாய்க்கு எங்கே திரும்புவது என்றே தெரியாது. கழுத்துப்பட்டையில் ஒரு கயிறும், ஹார்னஸில் (மார்புப்பட்டையில்) இன்னொரு கயிறுமாக இரண்டு பிடிகள் இருக்கட்டும். பெயர்த்தகட்டில் புதியவர்களின் எண் அன்றே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும், தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் இருந்தால் அதிலுள்ள பதிவையும் மாற்றச் சொல்லுங்கள். இப்போது உண்ணும் உணவை ஒரு வாரத்திற்குப் போதுமான அளவு கொடுத்தனுப்பி, புதிய உணவைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றச் சொல்லுங்கள். விரிப்பைத் துவைக்காமல் அனுப்புங்கள். பழகிய வாசனை அதில்தான் இருக்கிறது. நலம் விசாரிக்கத் தொலைபேசியும் படங்களும் போதும். அது அங்கே வேர்விடும் வரை நேரில் போய்ப் பார்ப்பதைத் தள்ளிவையுங்கள்.


கேள்வி கேட்டவர்

வீட்டில் எல்லோரும் அமர்ந்து பேசினோம். பெரிய நாய் முன்பு படுத்த இடத்தை விட்டுவிட்டு வராந்தாவில் உறங்குவதை மகளே கவனித்துச் சொன்னாள். ஆகவே கொடுப்பதென்று தீர்மானித்து, குறிப்பையும் எழுதிவிட்டேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

'தட்டில் உணவு இருக்கும்போது இன்னொரு நாய் ஒரு கை தூரத்துக்குள் வந்தால் உடலை விறைத்து உறுமும், இதுவரை பாய்ந்ததில்லை, அந்த நாய் விலகியதும் உடனே உண்ணத் தொடங்கிவிடும். தனி அறைகளில் உணவு வைக்கத் தொடங்கிய பிறகு இது நிகழவில்லை. மனிதர்களிடம் உறுமியதில்லை, உண்ணும்போது எவரும் அதை நெருங்குவதில்லை. புதிய ஆண்களைக் கண்டால் பயப்படும். வேறு பெரியவர்கள் வைக்கும் உணவையும் இப்போது உண்கிறது. தனியாக இருக்கும் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. பூனைகளோடும் சிறு குழந்தைகளோடும் பழகியதில்லை.'


மறுமொழி: தத்தெடுப்பு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் தன்னார்வலர்

மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள், குறிப்பாக உறுமலைப் பற்றிய பகுதியில் நான் கேட்டிருக்கக்கூடிய எல்லாமே இருக்கிறது. இரண்டு இடங்களை மட்டும் விரிவாக்குங்கள். 'பயப்படும்' என்பதற்குப் பதிலாக, பின்வாங்கிக் குரைக்கும் என்பதையும், எவ்வளவு தூரத்தில் தொடங்குகிறது, வந்தவர் அமைதியாக அமர்ந்துவிட்டால் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். தனிமைப் பயிற்சியில், பதற்றமில்லாமல் தற்போது எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைக் குறிப்பிடுங்கள். பகலில் வேலைக்குச் செல்லும் குடும்பம் என்றால் அவர்கள் முதலில் தேடும் தகவல் அதுவே. மருத்துவர் சொன்ன மறுபரிசோதனைத் தேதியையும், அடுத்த குடற்புழு மருந்தின் தேதியையும் கடைசி வரியாகச் சேர்த்து, அவர்கள் சந்திக்க வருவதற்கு முன்பே படித்துவிடும்படி உங்கள் அமைப்பின் தன்னார்வலரிடம் அனுப்பிவிடுங்கள்.